600 எம்எம் லென்ஸ் கட்டாயம் தேவையா? காட்டுயிர் படம் எடுக்க லட்சங்களைச் செலவழிக்கும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

தடோபாவுக்கோ ரந்தம்போருக்கோ சஃபாரி புக் செய்தாச்சு. கேமராவும் கையில் இருக்கிறது. அடுத்து எல்லாருக்கும் வரும் கேள்வி: "எவ்வளவு பெரிய லென்ஸ் வாங்கணும்?" கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 600 எம்எம், முடிந்தால் அதற்கும் மேல்.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எம்எம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் எடுக்கப்போகும் விலங்கு உங்களிடமிருந்து எத்தனை மீட்டர் தூரத்தில் நிற்கும்? அது தெரிந்துவிட்டால் மீதியைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே முடித்துவிடலாம். அதைப் போட்டுப் பார்த்தால், கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்கள் பல நேரம் விலங்கை நமக்குப் பக்கத்தில் கொண்டுவருவதில்லை, வேறு எதையோ வாங்குகின்றன என்பது புரியும்.

கணக்கு இதுதான்

விலங்கின் நீளத்தை (மீட்டரில்) லென்ஸின் எம்எம் எண்ணால் பெருக்குங்கள். வரும் தொகையைத் தூரத்தால் (மீட்டரில்) வகுங்கள். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் அந்த விலங்கு எத்தனை மில்லிமீட்டர் அளவுக்கு விழும் என்பது கிடைத்துவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் படத்தில் விலங்கு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரியும்.

ஒரு புலியை எடுத்துக்கொள்வோம். வாலை விட்டுவிட்டால் தலையும் உடலும் சேர்ந்து சுமார் 1.8 மீட்டர். 50 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நடந்து போகிறது. உங்களிடம் 400 எம்எம் லென்ஸ். 1.8 பெருக்கல் 400 வகுத்தல் 50: விடை 14.4 மில்லிமீட்டர். அதாவது படத்தின் அகலத்தில் 40 சதவீதம் புலி. 24 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 6,000 பிக்சல் என்பதால் புலி மட்டும் 2,400 பிக்சல். இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தின் அகலமே 1,080 பிக்சல்தான். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்க நீளப் பக்கத்துக்குச் சுமார் 3,500 பிக்சல் போதும். 400 எம்எம்-இல் எடுத்த இந்தப் படத்தை அந்த அளவுக்கு வெட்டினாலும் புலி தாளின் முக்கால் பங்கை நெருங்கி நிற்கும்.

அதே இடத்தில் 600 எம்எம் இருந்தால் 21.6 மில்லிமீட்டர், 60 சதவீதம். நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. இப்போது புலி ஜிப்சியை நோக்கி வருகிறது என்று வையுங்கள். இந்தியப் பூங்காக்களில் இது அபூர்வமில்லை. புலிகளும் நடக்கச் சுலபமான வண்டிப்பாதையைத்தான் விரும்பும். 20 மீட்டரில் 600 எம்எம் லென்ஸுக்குத் தெரியும் அகலம் மொத்தம் 1.2 மீட்டர். புலி திரும்பி நின்றால் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு படத்துக்கு வெளியே போய்விடும். இன்னும் நெருங்கி 10 மீட்டருக்கு வந்துவிட்டால் 60 சென்டிமீட்டர் அகலம்தான். மூஞ்சி மட்டும். பல லட்சம் ரூபாய் பிரைம் லென்ஸுடன் வந்தவர் பக்கத்து சீட்டுக்காரரின் மொபைல் படத்தைப் பார்த்து ஏங்கும் நேரம் இது.

பறவை என்றால் கதை வேறு

இதே கணக்கைப் பறவைக்குப் போட்டால் விடை தலைகீழாகிவிடும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 சென்டிமீட்டர். 20 மீட்டர் தூரத்தில் கிளையில் இருந்தால் 400 எம்எம்-இல் சென்சாரில் 5.6 மில்லிமீட்டர், அகலத்தில் 16 சதவீதம். 600 எம்எம்-இல் 8.4 மில்லிமீட்டர், 23 சதவீதம். பறவைக்காரர்கள் "எவ்வளவு எம்எம் இருந்தாலும் பத்தாது" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். பரத்பூர் கேவலாதேவ் பூங்கா மாதிரி இடங்களில் நிலைமை கொஞ்சம் எளிது. அங்கே சைக்கிள் ரிக்‌ஷாவிலோ நடந்தோ போகலாம், நின்று நிதானமாகக் காத்திருக்கலாம். அந்த மீன்கொத்தியிடமிருந்து 10 மீட்டரில் சத்தமில்லாமல் உட்கார முடிந்தால் அதே 600 எம்எம் லென்ஸில் அது படத்தின் பாதியை நெருங்கிவிடும். தூரம் பாதியாவதும் எம்எம் இரட்டிப்பாவதும் கணக்கில் ஒன்றுதான். முன்னதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

காசிரங்காவின் காண்டாமிருகம் மூன்றரை மீட்டர் நீளம் வரை இருக்கும். 100 மீட்டர் தள்ளிப் புல்வெளியில் மேய்ந்தாலும் 400 எம்எம்-இல் 14 மில்லிமீட்டர் வந்துவிடும். யானைக்கு 200 எம்எம் போதுமான நாட்களே அதிகம்.

மறுமுனையில் லடாக்கின் பனிச்சிறுத்தை. வழிகாட்டிகள் ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்து எதிர்மலையில் தேடிக் காட்டுவார்கள். அரை கிலோமீட்டர் தூரம் என்பதே அதிர்ஷ்டம். 1.1 மீட்டர் உடல், 500 மீட்டர் தூரம், 600 எம்எம்: சென்சாரில் வெறும் 1.3 மில்லிமீட்டர், படத்தின் அகலத்தில் 4 சதவீதம்கூட இல்லை. 800 எம்எம் போட்டாலும் 5 சதவீதத்தைத் தொடாது. அங்கே மலையையும் சேர்த்துப் படமெடுக்கப் பழகுவதுதான் புத்திசாலித்தனம். சிறுத்தை ஒரு புள்ளியாக நிற்கும் நல்ல படங்கள் உலகத்தில் நிறைய உண்டு.

சின்ன சென்சார் ஏமாற்றா, லாபமா?

"ஏபிஎஸ்-சி கேமராவில் 400 எம்எம் போட்டா 600 ஆயிடும்" என்று சொல்வார்கள். லென்ஸ் எதுவாகவும் மாறுவதில்லை. மீன்கொத்தி எந்த சென்சாரிலும் அதே 5.6 மில்லிமீட்டர்தான். சென்சார் சிறியது என்பதால் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய இடத்திலும் 24 மெகாபிக்சலை அடைத்திருப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ஃபுல் ஃப்ரேமில் சுமார் 167 பிக்சல் என்றால் ஏபிஎஸ்-சி-யில் சுமார் 255. ஆகவே 400 எம்எம் லென்ஸும் ஏபிஎஸ்-சி கேமராவும் சேர்ந்து அந்த மீன்கொத்தியின் மேல் சுமார் 1,430 பிக்சலை வைக்கும். 600 எம்எம் லென்ஸும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமும் வைப்பது 1,400. கிட்டத்தட்ட சமம். பட்ஜெட் குறைவாக இருந்து, பறவைதான் உங்கள் ஆர்வம் என்றால், ஃபுல் ஃப்ரேமுக்கு மாறச் சொல்லும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

இதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 300 எம்எம் லென்ஸே 600 எம்எம் தரும் காட்சியைத் தரும். ஒலிம்பஸ் 300 எம்எம் எஃப் 4 லென்ஸ் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல்தான். தோள்வலி, முதுகுவலி உள்ளவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை பார்க்கலாம். வெளிச்சம் குறைந்த நேரத்தில் படத்தில் புள்ளிகள் கூடுதலாகத் தெரியும் என்பது அதற்கான விலை.

அப்படியானால் பத்து லட்ச ரூபாய் எதற்கு?

600 எம்எம் எஃப் 4 லென்ஸ்கள் சோனி, நிக்கான், கேனன் மூன்றிலும் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். 600 வரை போகும் ஜூம் லென்ஸ்கள் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. இரண்டிலும் புலி ஒரே அளவில்தான் தெரியும். பிறகு எதற்கு இத்தனை மடங்கு வித்தியாசம்?

வெளிச்சத்துக்கு. எம்எம் எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 600 வகுத்தல் 6.3 என்றால் 95 மில்லிமீட்டர். சோனி 200-600, நிக்கான் 180-600, சிக்மா 150-600 கன்டெம்பரரி மூன்றுக்கும் முன்பக்க ஃபில்ட்டர் அளவு 95 மில்லிமீட்டராக இருப்பது தற்செயல் இல்லை. எஃப் 4 என்றால் வாசல் 150 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிசிறில்லாமல் தீட்டுவதற்குத்தான் அந்த விலையும், மூன்று கிலோ எடையும்.

களத்தில் இதற்கு என்ன அர்த்தம்? காலை சஃபாரியின் முதல் முக்கால் மணி நேரம். சால் மரக்காட்டுக்குள் வெயில் இன்னும் இறங்கவில்லை. நடக்கும் புலியை அசைவில்லாமல் பிடிக்க ஷட்டர் ஸ்பீடு நொடியில் 500-இல் ஒரு பங்காவது வேண்டும். எஃப் 4 லென்ஸில் ஐஎஸ்ஓ 3200 போதும் என்றால் எஃப் 6.3 லென்ஸுக்கு சுமார் 8000 தேவைப்படும். வித்தியாசம் ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று கூடுதல். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஐஎஸ்ஓ-வில் படம் மணல் கொட்டியது மாதிரி ஆகியிருக்கும். இப்போதைய கேமராக்களும், லைட்ரூம் போன்ற செயலிகளில் வந்துவிட்ட டீநாய்ஸ் வசதியும் அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிட்டன. பின்னணி வெண்ணெய் போல மங்கலாவது, மங்கிய வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் சட்டென்று பிடிப்பது போன்றவற்றில் எஃப் 4 இன்னும் முன்னால்தான் நிற்கிறது. படம் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அது அவசியம். வருஷத்துக்கு இரண்டு சஃபாரி போகிறவர்களுக்கு? என் கருத்தில் இல்லை. அந்தப் பணத்தில் எத்தனை சஃபாரி போகலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டில் கழிக்கும் காலைப்பொழுதுகளுக்கு ஈடான லென்ஸ் இன்னும் கடைக்கு வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். புலி தலையைத் திருப்புவதையோ பறவை சிறகடிப்பதையோ அது நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேண்டும் என்றால் வேண்டும்தான்.

டெலிகன்வெர்ட்டர் வாங்கினால் போதாதா?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் சின்னக் குழல்தான் இது. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப்பை. எஃப் 4 பிரைமில் 1.4 போட்டால் எஃப் 5.6, பிரச்சினை இல்லை. எஃப் 6.3 ஜூமில் போட்டால் எஃப் 9. நல்ல வெயிலில் சரி, அதிகாலைக் காட்டில் கஷ்டம். ஜூம் வாங்கும்போதே "இதையும் சேர்த்து எடுத்துக்கோங்க சார்" என்று கடையில் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாம் தரப்பு லென்ஸ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சோனி கேமராவில் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்கு டெலிகன்வெர்ட்டர் பொருந்தாது. நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்கவும் விடாது.

இனி எந்த எம்எம்-மும் உதவாத ஒரு நேரத்தைப் பற்றி. மே மாதம் சந்திரப்பூர் மாவட்டத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். புலி தண்ணீருக்கு வரும் சீசன் என்பதால் தடோபாவில் கூட்டமும் அப்போதுதான். காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கிளம்பும் கானல் காற்று, தூரத்தில் இருப்பதை எல்லாம் நெளியவைக்கும். 150 மீட்டர் தள்ளியிருக்கும் புலியை 800 எம்எம்-இல் எடுத்தாலும் ஃபோகஸ் தவறியது போலத்தான் இருக்கும். லென்ஸில் குறை என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடாதீர்கள். கட்ச் ரண் போன்ற வெட்டவெளிகளிலும் இதே கதைதான்.

சரி, எதை வாங்கலாம்?

இந்தியாவில் ஜிப்சி சஃபாரி நடக்கும் சரணாலயங்களில் பொதுவாக வண்டியை விட்டு இறங்கக் கூடாது. முன்னே பின்னே நடந்து ஃப்ரேமைச் சரிசெய்யும் வாய்ப்பே இல்லாததால் முதல் லென்ஸ் ஜூமாக இருப்பதுதான் நல்லது. சோனி வைத்திருந்தால் 200-600, நிக்கான் இசட் என்றால் 180-600. இரண்டும் சுமார் இரண்டு கிலோ. இரண்டிலும் ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. அதனால் ரந்தம்போர்ப் புழுதி உள்ளே போவது குறைவு, கையில் சமநிலையும் மாறாது. கேனன் ஆர்எஃப் பக்கம் 100-500, 200-800 என்று இரண்டு வழி. முன்னது எடை குறைவு, விலை கூடுதல். பின்னது நீளம் அதிகம், ஆனால் 800-இல் எஃப் 9. பெரிய விலங்குகள்தான் குறி என்றால் கேனன் 100-400 எஃப் 5.6-8 லென்ஸைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 635 கிராம்தான். வெயில் ஏறியபின் அருமையாக வேலை செய்யும். விடியற்காலையில் திணறும்.

பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இப்போது நல்ல விலைக்கு வருகின்றன. நிக்கான் 200-500 எஃப் 5.6, கேனன் 100-400 இரண்டாம் பதிப்பு, சிக்மா 150-600 போன்றவை. அந்தந்த நிறுவனத்தின் அடாப்டர் போட்டால் நிக்கான், கேனன் லென்ஸ்கள் மிரர்லெஸ் கேமராவிலும் வேலை செய்யும். சிக்மா என்றால் உங்கள் கேமராவில் மாட்டிச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். செகண்ட் ஹேண்டாக எது வாங்கினாலும் இருட்டில் மொபைல் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

படத்தைவிடப் பறவையை அடையாளம் காண்பதுதான் உங்கள் நோக்கமா? நிக்கான் பி950 போன்ற சூப்பர் ஜூம் கேமரா ஒன்று போதும். 2000 எம்எம்-க்கு ஈடான காட்சி, லென்ஸ் மாற்றும் வேலையே கிடையாது. பெரிதாக அச்சடிக்க உதவாது, ஆனால் இ-பேர்டில் பதிவேற்றத் தாராளமாகப் போதும்.

வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெங்களூரு, மும்பை, டெல்லி, சென்னை போன்ற நகரங்களில் அடையாள அட்டையும் முன்பணமும் வாங்கிக்கொண்டு லென்ஸ் தருகிறார்கள். ஒரு கணக்குக்கு நாள் வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு எட்டு நாள் என்றால் 12,000. ஒன்றரை லட்சம் ரூபாய் லென்ஸின் விலையைத் தொட பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் வாராவாரம் பறவை பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அவர் வாங்குவதே மேல்.

20 மீட்டர் என்ற கோடு

நீண்ட லென்ஸின் உண்மையான பயன் நாம் தள்ளியே நிற்கலாம் என்பது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, எந்த வனவிலங்கிடமிருந்தும் குறைந்தது 20 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். புலி தானாக நெருங்கி வருவது வேறு. "இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க பையா" என்று ஓட்டுநரை நெருக்குவது வேறு. நம்மை அழைத்துப்போனதற்காகத் தடை விதிக்கப்பட்டால் வருமானம் போவது அவருக்குத்தான். மேலே போட்ட கணக்கு காட்டுவதும் இதைத்தான்: 20 மீட்டரில் 400 எம்எம் லென்ஸே புலியால் ஃப்ரேமை முழுதாக நிரப்பிவிடும். நெருங்க வேண்டிய அவசியமே கிடையாது.

பறவைக் கூடுகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை "வேட்டை" என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது. குஞ்சு நன்றாகத் தெரிய வேண்டும் என்று கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்குகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

கிளம்பும் முன் சில விஷயங்கள்

ஜிப்சியில் டிரைபாட் விரிக்க இடம் இருக்காது. பீன் பேக்தான் சரி. காலிப் பையாகக் கொண்டுபோய், தங்குமிடத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். திரும்பும்போது அதை விடுதிச் சமையலறையில் கொடுத்துவிட்டு வரலாம். உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக் கைப்பைக்கு 7 கிலோதான் பொதுவான வரம்பு. இரண்டு கிலோ லென்ஸ், கேமரா, லேப்டாப், பையின் எடை எல்லாம் சேர்ந்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். கூடுதல் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவும் கூடாது.

கபினி, பந்திப்பூர் போன்ற இடங்களில் கேமராக் கட்டணம் லென்ஸின் நீளத்தைப் பொறுத்து மாறும். புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டில் வந்து பேரம் பேசினால் நேரம்தான் வீணாகும், காலை வெளிச்சம் காத்திருக்காது.

புழுதிப் பாதையில் லென்ஸ் மாற்றாதீர்கள். இரண்டு கேமரா இருந்தால் ஒன்றில் நீண்ட ஜூம், இன்னொன்றில் 70-200. ஒன்றுதான் இருக்கிறது என்றால், ஜூம் எட்டாத அளவுக்கு விலங்கு பக்கத்தில் வந்தால் மொபைல் அனுமதி உள்ள பூங்காவில் அதையே எடுங்கள். வீடு திரும்பியதும் லென்ஸை பைக்குள்ளேயே வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். சென்னை, மும்பை, கொச்சி மாதிரிக் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ட்ரை கேபினெட் வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம்.